கோரைக்கழியில் வெள்ளைப் புழு

ஆகஸ்ட் 3

மீன் வளர்க்கக் கூண்டு கொடுத்தபோதே மீன்துறை அதிகாரி சொன்னார், தினமும் எழுதிவையுங்கள் என்று. தீனி எவ்வளவு, தண்ணீர் எப்படி, மீன் செத்ததா, இப்படி. வேதம் அக்காவுக்கும் காத்தாயிக்கும் எழுத வராது என்றில்லை, உட்கார்ந்து எழுதப் பொறுமை கிடையாது. குழுத் தலைவி என்று என்னைப் போட்டுவிட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன். எழுத ஆரம்பித்தால் தீனியோடு நிற்பதில்லை, அதுதான் தொல்லை.

எங்கள் மூன்று பேருக்கும் கழியில் ஆளுக்கு ஒரு கூண்டு. கொடுவா மீன் குஞ்சு விட்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது. நீல டிரம்கள் மேலே மிதக்க, வலை கீழே பைபோலத் தொங்கும். கோரைக்கழியில் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து கிடக்கும். வாயில் வைத்தால் குழம்பு உப்பு இருக்கும். கொடுவாவுக்கு அது பிடிக்கும்.

இன்று தீனி போடும்போது என் வலையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் பார்த்தேன். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு தெறித்த மாதிரி. நகத்தால் சுரண்டினால் வரவில்லை.

மீன் எதுவும் சாகவில்லை.

ஆகஸ்ட் 11

புள்ளி இப்போது புள்ளியாக இல்லை. சேமியா நீளத்துக்குக் குழாய் குழாயாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கிறது. வலைக்கண் அடைபட்டால் உள்ளே தண்ணீர் ஓடாது, மீனுக்கு மூச்சு முட்டும். மூன்று கூண்டிலும் இதே கதைதான்.

வேதம் அக்கா, "வலையைத் தூக்கிக் கரையில காயப் போடுவோம் தையலு. மூணு நாள் வெயில் பட்டா உதிர்ந்துடும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். மாற்று வலை ஒன்றுகூட எங்களிடம் இல்லை. நனைந்த வலையைத் தூக்க ஆள் வேண்டும். மீனை எங்கே விடுவது? தண்ணீருக்குள் நின்றபடியே மொண்ணைக் கத்தியாலும் தேங்காய் மட்டையாலும் சுரண்டிவிடலாம், வாரத்துக்கு இரண்டு முறை செய்தால் போதும் என்று சொன்னேன். காத்தாயி சரியென்றாள். வேதம் அக்கா கத்தி எடுக்கப் போய்விட்டார்.

மார்பளவுத் தண்ணீரில் மதியம்வரை நின்றோம். சுரண்டச் சுரண்டத் தண்ணீரெல்லாம் வெள்ளைத் தூள்.

ஆகஸ்ட் 12

தோள் வலி. தோசை மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றினேன்.

ஆகஸ்ட் 24

மீன்வளக் கல்லூரியிலிருந்து நசீமா பானு என்று ஒரு பெண் வந்திருந்தாள். ஆராய்ச்சி படிக்கிறாளாம். ஊர் நாகூர். முழங்கால்வரை சேற்றில் இறங்கி எங்களோடு நின்றாள். ஒரு கொத்தைப் பிய்த்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொன்னாள். ஒவ்வொரு குழாயிலிருந்தும் இறகு மாதிரி ஒன்று மெல்ல விரிந்தது. காத்தாயி கையை நீட்டியதும் எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே போய்விட்டன.

"அட, வெக்கத்தப் பாரு" என்றாள் காத்தாயி.

"இது நம்ம ஊர்ப் புழு இல்லைக்கா" என்றாள் நசீமா. "கப்பலுக்கு அடியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம். எங்கேருந்து வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"கப்பல்ல வந்தது கடல்லயே இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"கடல்ல மத்த உசுருங்க இதுக்கு இடம் விடாது. நல்ல தண்ணியில பொழச்சுக் கெடக்கும், ஆனா பெருகாது. ரெண்டும் கலந்த தண்ணிதான் இது குடும்பம் நடத்துற இடம்."

"அப்ப நம்மள மாதிரின்னு சொல்லு" என்றார் வேதம் அக்கா. "கடலுக்கும் ஆவாம வயலுக்கும் ஆவாம."

ஆணா பெண்ணா என்று காத்தாயி கேட்டாள். முதலில் ஆணாக இருக்கும், வளர்ந்த பிறகு பெண்ணாக மாறிவிடும் என்று நசீமா சொன்னதும் காத்தாயி சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். "எங்க வூட்டு ஆளையும் மாத்தித் தா பாப்பா. ஒரு நாள் வந்து வலை சுரண்டட்டும்."

குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதாம். சில வாரம் தண்ணீரோடு மிதந்து திரியுமாம். பிறகு கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு குழாய் கட்டத் தொடங்குமாம். ஒட்டிய இடத்தைவிட்டு அதன்பிறகு அசையாதாம்.

தீனி வழக்கம்போல். இரண்டு மீன் செத்து மிதந்தது.

செப்டம்பர் 6

கழித் தண்ணீர் தெளிந்துவிட்டது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை. அடியில் கிடக்கிற சிப்பிகூடத் தெரிகிறது. அந்தப் புழு தண்ணீரில் இருக்கிற பாசித் தூளையெல்லாம் வடிகட்டித் தின்கிறதாம். நசீமா போனில் சொன்னாள்.

பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், "பாருங்கம்மா, தண்ணி எவ்வளவு சுத்தமா இருக்கு, நல்லாப் பராமரிக்கிறீங்க" என்று பாராட்டி எங்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். காத்தாயியின் வீட்டுக்காரர் அன்று காலையில்தான் வெறுங்கையோடு கரையேறியிருந்தார். தண்ணீர் தெளிந்ததால் மடவை மீன் தூரத்திலேயே வலையைப் பார்த்து விலகிப் போகிறதாம். இறாலும் குறைந்துவிட்டது. போட்டோவில் காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 15

வலது கையில் சுண்டு விரலுக்குக் கீழே குழாய் கீறிவிட்டது. பிளேடு மாதிரி கூர். காப்பித்தூள் வைத்துக் கட்டினேன். சின்னக் கீறல்தான்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்து சில நாள் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு நாகை போகும்போது வாங்கிவரச் சொல்ல வேண்டும். தினமும் மறந்துபோகிறது.

செப்டம்பர் 19

இன்று நசீமா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மதகுப் பக்கம் கருவேல நிழலில் உட்கார்ந்தோம். ஒரு கண்ணாடி டம்ளரில் கழித் தண்ணீர் எடுத்து, ஒரு கொத்தை உள்ளே போட்டாள். எங்கள் கத்தியையே வாங்கி, தண்ணீருக்குள் வைத்துக் குழாயை நசுக்கினாள்.

"இப்பப் பாருங்கக்கா."

பால் கலந்த மாதிரி ஒரு வெள்ளை மெல்லப் பரவியது. இன்னொரு பக்கம் இளஞ்சிவப்பாகத் தூள் இறங்கியது.

"என்ன இது?"

"வெள்ளை ஆணோடது. செவப்பு முட்டை. வளந்த புழுவோட குழாய் ஒடஞ்சா அப்பவே எல்லாத்தையும் தண்ணியில விட்டுடும். ரெண்டும் சேந்துச்சுன்னா அத்தனையும் குஞ்சு."

எனக்கு உடனே விளங்கியது. விளங்காத மாதிரி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நாங்க தண்ணிக்குள்ள நின்னு சுரண்டுனது…"

"ஒங்க மேல தப்பில்லக்கா. எனக்கே இப்பதான் உறுதியாத் தெரிஞ்சுது. இனிமே வலையைக் கரைக்குத் தூக்கித்தான் சுத்தம் பண்ணணும். மூணு கூண்டையும் ஒரே சமயத்துல. ஒண்ணை விட்டாலும் அதுலேருந்து மத்ததுக்கு வந்துடும். மழைக்கு முன்னாடி செஞ்சுடணும். முதல் மழை எறங்கி உப்பு கொறையற நேரத்துலதான் இது ரொம்பப் பெருகும். நானே அவங்ககிட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம், நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

தண்ணீரிலேயே சுரண்டலாம் என்று சொன்னது நான். சரி, அதற்கென்ன, நாளைக்குச் சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 20

குழுக் கூட்டம். கோயில் திருவிழாவுக்கு யார் சமைப்பது என்பதிலேயே நேரம் போய்விட்டது. மற்ற விஷயம் பேச முடியவில்லை.

செப்டம்பர் 22

சுரண்டினோம். மூன்று பேரும்.

செப்டம்பர் 28

முதல் மழை. கழி பழுப்பாகக் கலங்கிக் கிடந்தது. நசீமா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை. பிறகு கூப்பிடலாம் என்றிருந்தேன், சமையல் வேலை வந்துவிட்டது.

கீறல் ஆறவில்லை. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

அக்டோபர் 4

வேதம் அக்காவோடு சண்டை.

"இருக்கிற மீனைப் புடிச்சு இப்பவே வித்துட்டு வலையைத் தூக்கிடுவோம். சின்ன மீனா இருந்தா என்ன? செத்தா அதுவும் இல்ல" என்றார்.

"பொங்கல்வரைக்கும் விட்டாத்தான் வளரும். எல்லாரும் சேந்து எடுத்த முடிவுதானே அக்கா?"

"முடிவு நீ எடுத்தது. நாங்க தலையாட்டுனோம்."

"அப்ப ஆட்டாம இருந்திருக்கணும்."

சொல்லியிருக்க வேண்டாம். வேதம் அக்கா என்னைவிட மூத்தவர். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், அலை அடிக்கிற பக்கம் எது, சேறு இழுக்கிற பக்கம் எது என்று கைப்பிடித்துக் காட்டியவர். இன்று மூக்குத்தி நடுங்க நின்றார். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவர் கூண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். சுரண்டுகிற சத்தம் மட்டும்தான்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சண்டைக்கு நடுவே சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 9

என் கூண்டின் ஒரு மூலை தண்ணீருக்குள் போய்விட்டது. டிரம்முக்கு அடியில் பாறை மாதிரி வளர்ந்து நிற்கிறது. அந்தப் பாரத்தில் டிரம் அமிழ்ந்து, அந்த வழியாகக் கொஞ்சம் மீன் வெளியேறியிருக்கிறது. எவ்வளவு என்று பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை.

கழுத்தளவில் நின்று கயிறு கட்டினேன். காத்தாயி வந்து பிடித்தாள். கட்டுத் துணி தண்ணீரில் அவிழ்ந்துவிட்டது. அதே இடத்தில் மறுபடியும் கீறல்.

மதகுக் கம்பம், பாலத்துத் தூண், படகுத்துறைப் படிக்கட்டு, எங்கே பார்த்தாலும் வெள்ளை.

அக்டோபர் 10

அவர் என் கையைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். தீனி போட ஆள் யார் என்று கேட்டேன். "நான் போடுறேன், என்ன பெரிய இது?" என்றார். சவாரியை விட்டுவிட்டா? ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். மாத்திரை வாங்கிவந்திருக்கிறார். போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 11

எழுத்து கோணலாகப் போகிறது. பேனா சரியில்லை.

அக்டோபர் 12

இடது கையால் எழுதிப் பார்க்கிறேன். சும்மாதான். பழகினால் நல்லது. காய்ச்சல் என்று சொல்ல முடியாது, உடம்பு சூடாக இருக்கிறது. கொப்புளம் கருநீலமாக இருக்கிறது, புளியங்கொட்டை அளவு. தீனி அவர் போட்டார்.

அக்டோபர் 23

நாகை பெரிய ஆஸ்பத்திரி. ஜன்னல் ஓரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் பாம்பு கடித்த ஒரு பெண், நன்றாகத் தேறிவிட்டாள், ஓயாமல் பேசுகிறாள்.

இடது கையால்தான் எழுதுகிறேன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. உப்பங்கழித் தண்ணீரில் இருக்கிற கிருமி புண் வழியாக ஏறிவிட்டதாம், சர்க்கரை இருந்ததால் வேகமாகப் பரவியதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

என்னைக் கொண்டுவந்த அன்று டாக்டரம்மா கேட்டார், "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நேத்துலேருந்துதான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். அமிர்தலிங்கம் யாரு, கையெழுத்துப் போட வாங்க என்று நர்ஸ் மூன்று முறை கூப்பிட்டபிறகுதான் வந்தார். கண் சிவந்திருந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்தார் அல்லவா.

தினமும் காலையில் வந்து தலை பின்னிவிடுகிறார். கோணல் மாணலாக இருக்கிறது. அவிழ்க்கவில்லை.

மீனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 25

வேதம் அக்காவும் காத்தாயியும் வந்தார்கள். ரசம் சாதம், சுட்ட அப்பளம், வாழைப்பழம். வேதம் அக்கா ஊட்டிவிட்டார். சண்டையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. பழத்தை உரித்து என் இடது கையில் வைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நம்ம தண்ணிக்குள்ள வச்சுச் சுரண்டுனதாலதான் அது அவ்வளவு பெருகிருக்கு. ஒடச்சா முட்டை விட்டுடுமாம். நசீமா எங்கிட்ட அப்பவே சொல்லிட்டா. நான் உங்ககிட்டச் சொல்லல."

காத்தாயி வேதம் அக்காவைப் பார்த்தாள். வேதம் அக்கா பழத் தோலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நீயும் அந்தப் பொண்ணும் மதகுகிட்ட டம்ளரை வச்சுப் பாத்துக்கிட்டிருந்தீங்க. திரும்பிப் போறப்ப எங்க வூட்ல தண்ணி குடிக்க வந்துச்சு. என்னம்மா பாத்தீங்கன்னு கேட்டேன். மறைக்கத் தெரியல அதுக்கு. சொல்லிடுச்சு."

"எங்கிட்ட அக்கா அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்றாள் காத்தாயி, தரையைப் பார்த்தபடி.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தெரிஞ்சுமா அப்புறமும் தண்ணியில நின்னு சுரண்டுனீங்க? ஏன் என்னைக் கேக்கல?"

வேதம் அக்கா முந்தானையால் என் வாயோரத்தைத் துடைத்தார்.

"கேட்டா தூக்கணும்ல தையலு" என்றார். "நனைஞ்ச வலை, அந்தப் பாரத்தோட. நெனச்சாலே முதுகு விட்டுப்போகுது. நீ வாயத் தொறந்தா தூக்கித்தான் ஆவணும். நீ சொல்லாம இருக்கிறவரைக்கும் எங்களுக்கும் தெரியாத மாதிரி இருந்துக்கலாம். மாத்து வலைக்கு எங்க போறதுன்னும் தெரியல. அன்னைக்கு நான் சண்டை போட்டேனே, நீயே தூக்கலாம்னு சொல்லிட மாட்டியான்னுதான். நீ சொல்லல. அப்பாடான்னும் இருந்துச்சு."

"எனக்கும் அதுதான் அக்கா" என்றேன்.

"தெரியும்டி."

பிறகு மூன்று பேரும் மீதி ரசத்தைக் குடித்தோம். காத்தாயி புறப்படும்போது சொன்னாள், என் கூண்டில் மீன் பாதிக்கு மேல் போய்விட்டதாம். மிச்சத்தை அவள் கூண்டில் விட்டிருக்கிறாளாம்.

நவம்பர் 3

வீட்டுக்கு வந்தாயிற்று. மூன்று விரலில் பேனா நிற்கிறது, மெல்லத்தான் ஓடுகிறது. பாத்திரம் வழுக்குகிறது. ஒரு குழம்புச் சட்டியை உடைத்தேன்.

நசீமா வந்திருந்தாள். கையைப் பார்த்து அழுதாள். அவள் அழ என்ன இருக்கிறது? சாப்பிடவைத்து அனுப்பினேன். போகும்போது கேட்டேன், "மழை பெஞ்சு நல்ல தண்ணி ஆயிடுச்சே, செத்துப்போவுமா?"

"சாகாதுக்கா. இப்பப் பெருகாது, அவ்வளவுதான். தண்ணி வடிஞ்சு உப்பு ஏறுனா மறுபடி ஆரம்பிக்கும்."

"கழியை விட்டுப் போவவே போவாதா?"

அவள் பொய் சொல்லப் பார்த்தாள், வரவில்லை. "தூணு, மதகு, பாறைன்னு எல்லா இடத்துலயும் புடிச்சிடுச்சு. போகாது. ஆனா ஒங்க வலையில கொறைக்கலாம். மாத்து வலை வச்சுக்கிட்டு மாத்தி மாத்திக் காயவச்சா மீன் வளக்கலாம். அதுக்கு மீன்துறைக்கு எழுதிக் கேட்டிருக்கேன், குடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க."

"எத்தனை வருஷம் அப்படிச் செய்யணும்?"

"மீன் வளக்கிற வரைக்கும்."

அவள் போனபிறகு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உலை கொதித்து வழிந்த சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

நவம்பர் 8

மீனையெல்லாம் பிடித்து விற்றாயிற்று. சின்ன மீன்தான், போனவரைக்கும் போதும். இன்று கூண்டுகளைக் கரையேற்றுகிற நாள். மழை விட்டிருந்தது.

என்னைக் கரையில் உட்காரச் சொன்னார்கள். வேதம் அக்கா, காத்தாயி, அவள் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், நசீமா, இன்னும் தெருவில் வந்த நாலைந்து பேர். முதலில் வேதம் அக்காவின் கூண்டு. அரைமணி நேரமாகியும் அசையவில்லை. வலை தெரியவே இல்லை, வெள்ளையாக ஒரு சுவரைத் தண்ணீரிலிருந்து இழுக்கிற மாதிரி இருந்தது. இழுக்க இழுக்கக் குழாய்கள் நொறுங்குகிற சத்தம். கரைக்கு வந்ததும் கவிச்சி நாற்றம் மூக்கைத் துளைத்தது. எங்கிருந்தோ காக்கைகள் வந்து இறங்கின. காத்தாயி கூண்டும் ஏறியது. எல்லோரும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக என்னுடையது. அதுதான் இருப்பதிலேயே பாரம்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் நானும் சரியென்றிருப்பேன்.

நான் எழுந்து போய்க் கயிற்றை எடுத்தேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேதம் அக்கா அவரைப் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டார்.

"எந்திரிங்க, வலையைத் தூக்கிடுவோம்" என்றேன்.

வேதம் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சொல்லிட்டால்ல, எந்திரிங்கடி" என்றார்.

எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து கயிற்றைப் பிடித்தார்கள். நான் என்னால் ஆனமட்டும் இழுத்தேன். என் இழுப்பு எவ்வளவு, அவர்கள் இழுப்பு எவ்வளவு என்று தெரியவில்லை. கூண்டு கரைக்கு வந்துவிட்டது.